அரிதாரமும் அசல் முகமும்



ஆண்டு விழா என்றவுடன் நம் பள்ளியில் பணிபுரிவோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது மேடையன்று. மேடைக்குப் பின்னால் உள்ள ஒப்பனை அறையே. நாம் வாடகைக்கு எடுக்கும் உயர்நிலைப் பள்ளியின் இசை வகுப்பறை அன்று ஒரு நாள் மட்டும் ஒப்பனை அறையாக மாறிவிடுகிறது. ஒரு மூலையில் நாட்டியச் சிறுமியர்க்குச் சடை பின்னிக் குஞ்சலம் கட்டுகின்றனர். மற்றொரு மூலையில் ஐந்தாம் நிலை மாணவர் ஒருவர் திருவள்ளுவராகித் தாடி ஒட்டுவதற்காக முகத்தை நீட்டிக்கொண்டிருப்பார். தாடி ஒட்டும் பசை குளிர்கிறது என்று அவர் நெளிவதும், அசையாதே என்று தாயார் அதட்டுவதும் ஆண்டுதோறும் நடப்பவை.

சென்ற ஆண்டு அவ்வறையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி, தனக்கு முன் அமர்ந்திருந்த பெண்ணுக்குப் பூசிய அதே பூச்சைத் தனக்கும் பூசுமாறு கேட்டாள். அந்தப் பெண்ணின் நிறம் வேறு, இவள் நிறம் வேறு. "இது உனக்கு ஒத்து வராது கண்ணா" என்றார் ஒப்பனை செய்த அம்மையார். "கழுத்து ஒரு நிறமாகவும் முகம் ஒரு நிறமாகவும் தெரியுமே" என்று நாமும் எடுத்துச் சொன்னோம். "அப்ப கழுத்துக்கும் போடுங்க ஆன்ட்டி" என்றாள் அவள். மேடையில் இறைவணக்கம் தொடங்கிவிட்டமையால் அவளுக்கு முறையான மறுமொழி சொல்ல அன்று நேரம் கிடைக்கவில்லை. சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகின்றோம். ஒன்பது வயதுக்கு இது சற்று நீளம்தான். ஆயினும் பெற்றோர்களும் படிக்கும் மலர் அல்லவா!

பூசியதும் கழுவியதும்

ஒப்பனை தமிழருக்குப் புதியதன்று. நடிப்புத் தொழிலைக் குறிக்க "அரிதாரம் பூசுதல்" என்னும் தொடரையே இன்றும் வழங்குகின்றோம். அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கனிமம். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. அதனைப் பொடித்துக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டு கூத்துக் கலைஞர்கள் விடிய விடிய ஆடினர். நஞ்சு கலந்த பொருள் அது என்பதை இங்கே குறித்தல் நன்று. அழகுக்காக மனிதர் நஞ்சைப் பூசிக்கொண்டது இன்று நேற்று ஏற்பட்ட பழக்கமன்று.

கூத்தின் ஒப்பனையில் ஒரு நேர்மை உண்டு. துரியோதனன் வேடம் கட்டியவரின் பெரிய மீசையையும், தோளிலும் தலையிலும் ஏறியிருக்கும் கட்டைகளையும் கண்டு, அவர் வீட்டிலும் இப்படித்தான் இருப்பார் என்று ஊரில் எவரும் எண்ணியதில்லை. பொழுது விடிந்ததும் அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு தேநீர்க் கடையில் வந்து அமர்வதை அதே மக்கள் காண்பர். அவ்வொப்பனை "நான் ஒப்பனை" என்று தானே அறிவித்தது.

திரைப்படம் வந்தபோது நிலைமை மாறிற்று. தொடக்க காலத்துக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்குச் சிவப்பு நிறம் புலப்படாது. ஆகவே, சிவந்த உதடும் இரத்த ஓட்டமுள்ள கன்னமும் திரையில் கருமையாகத் தெரிந்தன. நல்ல ஆரோக்கியமான முகம் நோய்ப்பட்ட முகம்போல் பதிந்தது! இக்குறையை ஈடுசெய்யவே நடிகர்களின் முகத்தில் பூச்சு அவசியமாயிற்று. போலந்தில் பிறந்து 1904-இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய மாக்ஸ் ஃபாக்டர் என்பவர் பின்னர் லாஸ் ஏஞ்சலிஸ் சென்று, படச்சுருளுக்கு ஏற்ற பூச்சுகளைச் செய்து பெயர் பெற்றார். வண்ணப் படங்கள் வந்தபின் 1930-களின் பிற்பகுதியில் அவருடைய நிறுவனம் "பான்கேக்" என்னும் பூச்சை உருவாக்கியது. ஈரப் பஞ்சால் தொட்டுப் பூசினால் தோலின் மேடு பள்ளங்கள் யாவும் மறைந்துவிடும். படப்பிடிப்புக்கென்று செய்யப்பட்ட இப்பொருள் விரைவிலேயே கடைகளுக்கும் வந்தது. ஒளிப்பதிவுக் கருவியின் குறையை மறைக்கப் பிறந்த பொருள், நம் முகத்தின் குறையை மறைக்கும் பொருளாக விற்கப்பட்டது. இவ்வரலாற்றில் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது இந்த இடமே.

பான்கேக் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. எழுத்தாளர் அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் பல்லாண்டுகள் பணியாற்றியவர். தம் நினைவுகளை "மை இயர்ஸ் வித் பாஸ்" என்னும் ஆங்கில நூலாக எழுதியுள்ளார். அந்த ஸ்டுடியோ பான்கேக்கை லாரி லாரியாக வாங்கியதை அதில் நகைச்சுவை ததும்பக் குறிப்பிடுகின்றார். ஒப்பனைத் துறையில் கண்டிப்பான படிநிலை இருந்ததாம். தலைமை ஒப்பனையாளர் கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் மட்டும் பூசுவார். அடுத்தவர் அடுத்த நிலை நடிகர்களுக்கு. கூட்டத்தில் நிற்போர்க்கு, பெரிய பாத்திரத்தில் பூச்சைக் கரைத்து வைத்துக்கொண்டு அலுவலகப் பையன் அப்புவானாம். கண்ணைக் கூசும் விளக்குகளின் வெப்பத்தில், பார்க்கச் சகிக்கும் தோற்றம் உடையவரையும் அவ்வறை விகாரப்படுத்திவிடும் என்பது அவருடைய பார்வை. நேரில் பார்த்தால் அஞ்சத்தக்க அந்த முகங்களே திரையில் நிலவாகத் தோன்றின. நம் தாத்தா பாட்டிமார் கண்டு மயங்கியது அந்த நிலவைத்தான்.

வளைகுடாப் பகுதியின் கைவண்ணம்

பூச்சாவது தண்ணீர் பட்டால் போய்விடும். கணிப்பொறியில் செய்யும் ஒப்பனை அப்படியன்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த தாமஸ் நோல் என்பவரும், சான் ஃபிரான்சிஸ்கோவை அடுத்த திரைப்பட நுட்பக்கூடம் ஒன்றில் பணியாற்றிய அவருடைய சகோதரர் ஜான் நோலும் சேர்ந்து எழுதிய நிரலே "ஃபோட்டோஷாப்". அடோபி நிறுவனம் அதனை 1990-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்டது. இன்று அந்நிறுவனத்தின் தலைமையகம் சான் ஹோசே நகரில் உள்ளது. நம்மவர் பலர் அங்கே வேலை செய்கின்றனர். ஆகவே இதனைக் குற்றச்சாட்டாகக் கொள்ள வேண்டா. நல்ல கருவிதான். கத்தி காயும் நறுக்கும், கையையும் நறுக்கும்.

அக்கருவி பத்திரிகை அட்டையில் என்ன செய்யும் என்பதை 2006-இல் டவ் சோப்பு நிறுவனம் வெளியிட்ட ஒரு நிமிட விளம்பரப் படம் எல்லோர்க்கும் காட்டியது. சாதாரணப் பெண் ஒருவர் வந்து நாற்காலியில் அமர்கின்றார். ஒப்பனை, தலையலங்காரம், விளக்குகள் எல்லாம் முடிந்து படம் எடுக்கப்படுகிறது. அதன் பிறகு கணிப்பொறித் திரையில் அவருடைய கழுத்து நீள்கிறது, கண்கள் பெரிதாகின்றன, தோள்கள் இறங்குகின்றன. இறுதியில் சாலையோரப் பெரும் பலகையில் காணப்படும் முகத்துக்கு உரியவர் உலகில் எவருமே இல்லை! இதிலே ஒரு வேடிக்கை உண்டு. டவ் சோப்பை விற்கும் யூனிலீவர் நிறுவனத்தின் இந்தியக் கிளைதான் அதே காலத்தில் "ஃபேர் அண்ட் லவ்லி" சிவப்பழகு கிரீமையும் விற்றுக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

படத்தில் இருப்பவர்களே இத்திருத்தத்தை எதிர்த்ததும் உண்டு. 2015-இல் நடிகை ஸெண்டயாவின் படங்களை ஓர் இதழ் திருத்தி, இடுப்பையும் உடலையும் மெலியச் செய்துவிட்டது. அப்போது அவருக்கு வயது 19. திருத்திய படத்தையும் திருத்தாத படத்தையும் அருகருகே வைத்து அவரே வெளியிட்டார். இதழ் அப்படங்களை விலக்கிக்கொண்டது. பாடகி அலிசியா கீஸ் 2016-இல் ஒப்பனை இன்றியே பொது நிகழ்ச்சிகளுக்கு வரத் தொடங்கினார். ஒருவர் தம் சொந்த முகத்தோடு வெளியே வருவது செய்தியாயிற்று என்றால், மற்ற நாள்களில் நாம் கண்டுகொண்டிருந்தது என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

நட்சத்திரங்களுக்கு மட்டும் கிடைத்த இவ்வசதி இப்போது நம் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கப்பெற்ற இன்ஸ்டாகிராம், படத்தின் வண்ணத்தை மாற்றும் வடிகட்டிகளோடுதான் பிறந்தது. பின்னர் வந்த வடிகட்டிகள் முகத்தையே மாற்றுகின்றன. கைப்பேசி நம் முகத்தில் கண், மூக்கு, தாடை முதலியவற்றின் இடங்களைப் புள்ளிகளாகக் குறித்துக்கொண்டு, அப்புள்ளிகளை இழுத்தும் நெருக்கியும் உருவத்தைத் திருத்திவிடுகிறது. தோலின் துளைகளை அழித்து மெழுகுபோல் ஆக்குகிறது. சான் ஹோசேயிலிருந்து நடத்தப்பெறும் ஸூம் செயலியிலும் தோற்றத்தைச் செப்பனிடும் ஒரு வசதி உண்டு. 2020-இல் கொள்ளைநோயின்போது நம் தமிழ் வகுப்புகள் யாவும் திரைவழியே நடந்தனவல்லவா? அந்த வசதியை முதலில் கண்டுபிடித்துப் பயன்படுத்தியவர்கள் மாணவர்கள் அல்லர், ஆசிரியர்களாகிய நாமே! இதனை மறைப்பானேன்?

2021-இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் "வால் ஸ்ட்ரீட் ஜர்னல்" நாளிதழ் வழியாக வெளிவந்தன. தம் உடலைப் பற்றி மனக்குறை தோன்றும் வேளையில், இன்ஸ்டாகிராம் அதனை மேலும் பெரிதாக்குவதாகப் பதின்மவயதுப் பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் கூறியதை அந்நிறுவனத்தின் ஆய்வே பதிவு செய்திருந்தது. அந்த முடிவு தவறாகப் பொருள் கொள்ளப்பட்டது என்று நிறுவனம் வாதிட்டது. அவ்வாதத்தைப் பெரியோர் ஆராயட்டும். அம்மூவரில் ஒருத்தி நம் வீட்டிலும் இருக்கலாம் என்பதே நம் கவலை.

வடிகட்டியே போடாமல் எடுத்தாலும் கைப்பேசிப் படம் முழு உண்மை சொல்வதில்லை. இதற்கு நம் நியூ ஜெர்சியிலேயே விடை கண்டிருக்கின்றனர். நியூவார்க் நகரிலுள்ள ரட்கர்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், தம் மூக்கு பெரிதாக இருப்பதாகத் தற்படத்தைக் காட்டி அறுவை சிகிச்சை கேட்டு வருவோர் மிகுதியாவதைக் கண்டு, பிறருடன் சேர்ந்து கணக்கிட்டார். 2018-இல் வெளியான முடிவு இது: முகத்திலிருந்து 12 அங்குலத் தொலைவில் வைத்து எடுக்கும் படத்தில், 5 அடித் தொலைவிலிருந்து எடுக்கும் படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 விழுக்காடு அகன்று தோன்றும். காரணம் எளிது. கருவி அருகில் இருக்கும்போது, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு அதற்கு மிக அருகிலும், காது மிகத் தொலைவிலும் அமைகின்றன. அருகில் உள்ளது பெரிதாகத் தெரியும். மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓர் அடிக்கோலும் தம்பியின் முகமும் போதும். கைப்பேசியை ஓர் அடியில் பிடித்து ஒரு படம், ஐந்து அடி தள்ளி நின்று பெரிதாக்கி ஒரு படம். இரண்டும் ஒரே முகம்தானா என்று ஐயம் வரும்.

நிறம் என்னும் நோய்

அமெரிக்கப் பிள்ளைகளின் கவலை பெரும்பாலும் உடலின் பருமனைப் பற்றியது. நம் பிள்ளைகளுக்கு அத்துடன் மற்றொன்றும் சேர்ந்துகொள்கிறது. அச்சிறுமி கேட்டது கழுத்து நீளவேண்டுமென்றன்று, நிறம் மாறவேண்டுமென்று. அதனை அவள் அமெரிக்கப் பள்ளியில் கற்றிருக்க வேண்டியதில்லை. "வெயிலில் விளையாடாதே, கறுத்துப் போவாய்" என்று சொல்லாத தமிழ் வீடு எத்தனை? குழந்தை பிறந்த செய்தி தொலைபேசியில் வந்தவுடன், ஆணா பெண்ணா என்பதற்கு அடுத்து என்ன கேட்கின்றோம்? வெள்ளை நிறத்தைச் "சிவப்பு" என்று அழைப்பதே ஒரு விந்தை.

இத்தனைக்கும் நம் பழைய இலக்கியம் வேறு வழியில் செல்கிறது. சங்க அகப்பாடல்களில் தலைவியின் அழகைக் குறிக்கும் சிறப்புச் சொற்களுள் ஒன்று "மாமை". மாந்தளிர் போன்ற நிறம் என்று உரையாசிரியர்கள் விளக்குவர். மாயோள் என்றே கருநிறப் பெண்ணை அழைப்பதும் உண்டு. தலைவன் பிரிந்தபோது அவள் இழப்பது இந்த மாமையை; அவள் மேனியில் படர்வது பசலை. பசலை என்பது நிறம் வெளுத்து மங்குதல். அதாவது, வெளுப்பது நோய், கருமை நலம்! திருவள்ளுவரும் 119-ஆம் அதிகாரத்தைப் "பசப்புறு பருவரல்" என்று இத்துன்பத்துக்கே ஒதுக்கினார். பத்துக் குறட்பாக்களில் பெண்ணொருத்தி தன் மேனி வெளுத்ததற்காக வருந்துகின்றாள். அவளிடம் சிவப்பழகு கிரீமைக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன சொல்வாளோ!

இந்த இடத்தில் ஒரு திரைப்படத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2007-இல் ஷங்கர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்ட "சிவாஜி" படத்தை நம்மில் பார்க்காதவர் இரார். அதில், நிறம் கறுப்பு என்று சொல்லப்பட்டதற்காகக் கதாநாயகன் வெளுப்பதற்குப் படாத பாடு படுகின்றான். ஒரு பாடலில் ரஜினிகாந்தைக் கணிப்பொறி நுட்பத்தால் வெள்ளைக்காரர்போல் ஆக்கிக் காட்டினர். வெள்ளைத் தோலைத் தனியே படம்பிடித்து அவர் உருவின்மேல் பொருத்திய அந்த உழைப்பை வியக்கலாம். ஆனால் அதே படத்தில் நகைச்சுவைக்கென்று இரண்டு பெண்கள் வருகின்றனர். முகத்தில் கரிய பூச்சு அப்பி, கண்டால் ஓடவேண்டியவர்களாக அவர்களைக் காட்டினர். அவர்களுக்கு இட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை.

அப்பெயர்கள் யாருடையவை என்பதை நம் மாணவர்கள் அறிவார்கள். பறம்பு மலையை ஆண்ட வள்ளல் பாரியின் மகளிர் என்று மரபு கூறும் பெயர்கள் அவை. தந்தையையும் நாட்டையும் இழந்த அப்பெண்கள் பாடிய பாடல் புறநானூற்றில் 112-ஆம் பாடலாக இருக்கின்றது. தமிழில் கிடைக்கும் மிகப் பழைய பெண்குரல்களுள் ஒன்று. திரையரங்கில் எல்லோரும் சிரித்தனர். உண்மையைச் சொன்னால் நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது.

மாறாக, அந்த நாயகரே மேடைக்கு வரும் விதத்தைப் பாருங்கள். படத்தில் இளமையாகத் தோன்றும் ரஜினிகாந்த், பொது நிகழ்ச்சிகளில் வழுக்கைத் தலையுடனும் நரைத்த தாடியுடனும் வெள்ளை வேட்டியில் வந்து அமர்கின்றார். பொய்முடியில்லை, சாயமில்லை. அதனால் அவருடைய புகழ் ஓர் இழையும் குறையவில்லை. கூத்துக்காரர் அரிதாரத்தைக் கழுவிவிட்டுத் தேநீர்க் கடைக்கு வருவது போன்றதுதான் இதுவும். ஆனால் இச்சலுகை ஆண்களுக்கு எளிதில் கிடைக்கிறது. ஒரு கதாநாயகி அப்படி வந்தால் மறுநாள் இதழ்கள் என்ன எழுதும் என்று சொல்லவேண்டியதில்லை.

அவ்வகையில் சாய் பல்லவியை மாணவியர் அறிந்துகொள்வது நலம். நீலகிரி மாவட்டத்தின் கோத்தகிரியில் பிறந்து, ஜார்ஜியா நாட்டில் மருத்துவம் பயின்றவர். 2015-இல் வெளிவந்த "பிரேமம்" என்னும் மலையாளப் படத்தில், மலர் என்னும் தமிழ்ப் பெண்ணாக, கல்லூரி ஆசிரியையாக நடித்தார். கன்னத்தில் பருக்கள் தெளிவாகத் தெரியும், மறைக்க முயலவில்லை. மக்கள் ஏற்பார்களோ என்று அவருக்கே அச்சம் இருந்ததாகப் பின்னர் பேட்டிகளில் கூறியுள்ளார். கேரளம் மட்டுமன்றித் தமிழகமும் மலர் டீச்சரைக் கொண்டாடியது. பின்னர் சிவப்பழகு கிரீம் விளம்பரம் ஒன்றில் நடிக்க இரண்டு கோடி ரூபாய் தர முன்வந்ததாகவும் அவர் மறுத்துவிட்டதாகவும் செய்தி வந்தது. மறுத்ததை 2019-இல் அவரே உறுதிப்படுத்தினார். இது இந்தியரின் நிறம், இதில் வெட்கப்பட என்ன உள்ளது என்பது அவர் சொன்னதன் சாரம்.

அவர் மறுத்த வகைப் பொருளின் கதையையும் சுருக்கமாகப் பார்ப்போம். "ஃபேர் அண்ட் லவ்லி" 1975-இல் இந்தியச் சந்தைக்கு வந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலையும் கிடைக்காது, வரனும் கிடைக்காது. கிரீம் பூசினால் இரண்டும் கிடைக்கும் என்பதே அதன் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வந்த கதை. 2005-இல் ஆண்களுக்கென்றும் ஒரு கிரீம் வந்தது; சமத்துவம்! இதனை எதிர்த்துச் சென்னையில் கவிதா இம்மானுவேல் தொடங்கிய "விமன் ஆஃப் வொர்த்" அமைப்பு 2009-இல் "டார்க் இஸ் பியூட்டிஃபுல்" என்னும் இயக்கத்தை நடத்தியது. 2013-இல் நடிகை நந்திதா தாஸ் அதில் இணைந்தபின் நாடெங்கும் அறியப்பட்டது. கருநிறத்தை இழிவாகக் காட்டும் விளம்பரங்கள் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-இல் நெறிமுறை வகுத்தது. 2020-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதை அடுத்து எழுந்த கிளர்ச்சியின் அலை இந்தியாவையும் தொட்டபோது, அந்நிறுவனம் பெயரிலிருந்த "ஃபேர்" என்னும் சொல்லை எடுத்துவிடுவதாக அறிவித்து, பின்னர் "குளோ அண்ட் லவ்லி" என்று மாற்றியது. பெயர் மாறிற்று, டப்பா கடையில்தான் இருக்கிறது. நம் நியூ பிரன்சுவிக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனமோ, ஆசியாவில் விற்றுவந்த அத்தகைய பொருள்கள் சிலவற்றின் விற்பனையையே நிறுத்துவதாக அதே மாதம் அறிவித்தது. இவ்விரண்டில் எது மேல் என்று வாசகர்கள் முடிவு செய்யலாம்.

அதே மாதம் டெக்சஸ் மாநிலத்தில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. திருமணத் தகவல் தளமாகிய ஷாதி டாட் காமில், வரன் தேடுவோர் தோலின் நிறத்தைக் குறிப்பிட்டுத் தேடும் வசதி இருந்தது. டல்லாஸில் வாழும் இந்தியப் பெண்மணி ஒருவர் அதனை நீக்கக் கோரி இணையத்தில் விண்ணப்பம் தொடங்கினார். ஒரு நாளுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட, நிறுவனம் அதனை நீக்கியது. அந்த வசதி உண்மையில் எப்பயனும் தரவில்லை, பழைய மிச்சம்தான் என்று விளக்கமும் அளித்தது. தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். "பெண் நல்ல நிறமா?" என்று கேட்கும் அத்தைமார்களின் வாயிலிருந்து எடுக்க எந்த விண்ணப்பமும் இல்லை.

நம் மாநிலத்தின் அட்லாண்டிக் சிட்டியில் 1921-இல் தொடங்கிய "மிஸ் அமெரிக்கா" போட்டியின் வரலாறும் இவ்வகையில் பாடமே. போட்டியாளர் வெள்ளையினத்தவராக இருத்தல் வேண்டும் என்று ஒரு காலத்தில் விதியே எழுதி வைத்திருந்தனர். 2013 செப்டம்பரில் அதே ஊரில், நியூ யார்க் மாநிலத்தின் சார்பில் வந்த நினா தவுலூரி முடி சூடினார். அப்பட்டம் பெற்ற முதல் இந்திய வம்சாவளியினர். அமெரிக்காவில் சிலர் அவரை அயல்நாட்டவர் என்று ஏசினர். இந்தியாவில் பலர் வேறொன்றைச் சொன்னார்கள்: இந்த நிறத்தோடு இவர் இந்தியாவில் போட்டியிட்டிருந்தால் இறுதிச் சுற்றுக்கே வந்திருக்க மாட்டார். இரண்டாவது ஏச்சன்று, உண்மை. அதனாலேயே அதிகம் சுடுகிறது. அவர் பின்னாளில் சிவப்பழகு வணிகத்தைப் பற்றி ஆவணப்படம் ஒன்று எடுத்தார்.

இனி அச்சிறுமிக்குச் சிறிது அறிவியல். நம் மேல்தோலின் அடிப்பகுதியில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள் உள்ளன. நார்வே நாட்டவர்க்கும் நமக்கும் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் மெலனினின் அளவும் வகையும்தான் வேறு. அந்த மெலனின் ஒவ்வோர் உயிரணுவின் கருவுக்கு மேலும் குடைபோல் கவிந்து, சூரியனின் புற ஊதாக் கதிர்கள் உள்ளே சென்று கெடுக்காமல் காக்கிறது. முன்னோர் கொடுத்த குடை அது. வெளுப்பாக்கும் பூச்சுகள் சிலவற்றில் கலக்கப்படும் பாதரசம் அந்த நிறமி உருவாவதைத் தடுக்கிறது; அத்துடன் உடலுக்குள் சென்று சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கிறது. அழகுப் பொருள்களில் பாதரசம் சேர்ப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தடுத்துள்ளது. எனினும் பெயர்ச்சீட்டில் உட்பொருள் பட்டியல் இன்றி, பயணப் பெட்டிகளிலும் இணையம் வழியாகவும் அவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஊரிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் டப்பாவாயினும், பொருள் பட்டியல் இல்லையென்றால் குப்பைத் தொட்டியில் இடுக.

சில நாடுகள் சட்டத்தாலும் முயன்றுள்ளன. விளம்பரத்தில் உடலைத் திருத்தியிருந்தால் திருத்தியதாக அச்சிட வேண்டும் என்று பிரான்சு 2017-லும் நார்வே 2022-லும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இங்கே, நம் ஊர் முனைகளில் உள்ள சி.வி.எஸ். மருந்துக் கடைகள், தங்கள் அழகுப் பொருள் விளம்பரப் படங்களைத் திருத்துவதில்லை என்று 2018-இல் அறிவித்தன. திருத்தாத படங்களில் அதற்கென ஒரு முத்திரையும் இட்டன. இருமல் மருந்து வாங்கப் போகும்போது பிள்ளைகளை அழைத்துச் சென்று, அங்குள்ள முகங்களை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணோரச் சுருக்கமும் தோல் துளையும் எந்தப் படத்தில் தெரிகின்றன, எதில் தெரியவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். நம்மைவிட அவர்களுக்குக் கண் கூர்மை.

இம்மலரின் மாணவர் படங்களைப் பற்றியும் ஒரு சொல். இவ்வாண்டு படம் எடுத்த அன்பர், தொழிலில் வல்லவர், முதலில் அனுப்பிய படங்களில் எல்லாப் பிள்ளைகளின் முகங்களையும் வழுவழுப்பாக்கி, இரண்டு படி வெளுப்பாகவும் ஆக்கியிருந்தார். பெற்றோர்கள் அதைத்தான் விரும்புவார்கள் என்றார். அவர் மீது தவறில்லை. முதல் படங்களையே தருமாறு கேட்டு வாங்கினோம். மூன்றாம் நிலை மாணவர் ஒருவர் சென்ற கோடையில் மிதிவண்டியிலிருந்து விழுந்து மோவாயில் நான்கு தையல் போட்டுக்கொண்டவர். அந்தத் தழும்பைத் திருத்திய படத்தில் காணவில்லை. அச்சுக்குப் போகும் முன் அவரிடமே இரண்டு படங்களையும் காட்டி எது வேண்டும் என்று கேட்டோம். சற்றும் யோசிக்காமல் தழும்பு உள்ள படத்தைத் தொட்டார். இன்னொன்றைக் காட்டினால் தாம் விழுந்ததை ஒருவரும் நம்ப மாட்டார்களாம். ஒப்பனை அறைச் சிறுமியும் இவ்வாண்டு அதே வகுப்பு வரிசையில், முன்வரிசையில் இடமிருந்து நான்காவதாக, தன் நிறத்தோடும் விழுந்த ஒரு முன்பல்லோடும் நிற்கின்றாள்.